வெக்கையோடு ஈரம் சேர்ந்தால் சைக்லமென் தாங்காது

கிறிஸ்துமஸ் நெருங்கும்போதும் சீனப் புத்தாண்டுக்கு முந்திய வாரங்களிலும் சிங்கப்பூர்ச் செடிக்கடைகளில் ஒரு செடியை மட்டும் வெளியே வைக்க மாட்டார்கள்; ஏர்கான் அறைக்குள் அடுக்கியிருப்பார்கள். இதய வடிவ இலை, இலையின் மேல் வெள்ளி நிற வரிகள், இலைக்கூட்டத்துக்கு மேலே நீண்ட காம்பில் இதழ்களைப் பின்னோக்கி மடித்துக்கொண்டு நிற்கும் பூ. வெள்ளை, இளஞ்சிவப்பு, அடர்சிவப்பு, ஊதா என்று பல நிறங்கள். இதுதான் சைக்லமென். பொங்கலும் இதே பருவத்தில் வருவதால் தமிழ் வீடுகளுக்கும் இது அன்பளிப்பாக வந்து சேர்ந்துவிடுகிறது.

முதல் வாரம் வீட்டுக்கே அழகு. அடுத்த வாரம் அடி இலைகள் மஞ்சளாகும். பிறகு ஒருநாள் காலையில் பார்த்தால் எல்லாக் காம்புகளும் தொட்டி விளிம்பில் சாய்ந்து கிடக்கும். 'பாவம், தண்ணீர் போதவில்லை' என்று ஒரு குவளை ஊற்றுவோம். இங்கே பெரும்பாலான சைக்லமென்கள் சாவது அந்தக் குவளையால்தான்.

ஏன் என்று புரிந்துகொள்ள அதன் சொந்த ஊரைப் பார்க்க வேண்டும். கடைகளில் விற்கும் சைக்லமெனின் மூதாதைச் செடி துருக்கியின் தென்பகுதி, சிரியா, லெபனான், இஸ்ரேல், பாலஸ்தீனம், சைப்ரஸ் ஆகிய இடங்களின் பாறைச் சரிவுகளில் வளர்வது. அங்கே மழை குளிர்காலத்தில்தான் பெய்யும். மழை தொடங்கியதும் மண்ணுக்குள் இருக்கும் தட்டையான கிழங்கு இலை விடும், குளிரிலேயே பூக்கும். கோடை வந்ததும் இலையெல்லாம் காய்ந்து உதிர, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். அந்தக் கோடையும் லேசான கோடை இல்லை. வெயில் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். ஆனால் அந்த மாதங்களில் மண்ணில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது.

ஆக, சைக்லமென் கிழங்கு வெப்பத்தைத் தாங்கும், ஈரத்தையும் தாங்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் தாங்காது. சிங்கப்பூரில் நாம் கொடுப்பதோ இரண்டையும் ஒரே நேரத்தில். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற பக்குவங்கள் எல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

கிராஞ்சி வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 1975இல் கட்டிய நீர்த்தேக்கம், இன்னொரு பக்கம் சுங்கை பூலோ சதுப்புநிலம், நடுவே நியோ தியூ சாலையிலும் லிம் சூ காங்கிலும் பண்ணைகள். ஆர்க்கிட்டுக்கும் கீரைக்கும் அந்த ஈரக்காற்று வரம். சைக்லமெனுக்கோ அது நேர் எதிரி. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். பகல் வெப்பம் 31, 32 டிகிரி. இரவிலும் 24, 25க்குக் கீழே இறங்குவது அபூர்வம். 19 டிகிரிக்குக் கீழே போனதாகப் பதிவே இல்லை. சைக்லமென் நன்றாக இருப்பதற்குப் பகலில் 20 டிகிரிக்குள்ளும் இரவில் 10 முதல் 15 டிகிரி வரையும் வேண்டும். இந்த ஊரின் மிகக் குளிர்ந்த இரவுகூட அதற்கு ஒரு வெயில் நாளுக்குச் சமம்.

பகல் வெப்பத்தைவிட இரவு வெப்பம்தான் அதை அதிகம் வருத்துகிறது. பகலில் இலை தயாரித்த மாவுச்சத்தை இரவில் செடி சுவாசத்துக்குச் செலவழிக்கும். இரவு எவ்வளவு புழுக்கமோ அவ்வளவு வேகமாகச் சேமிப்பு கரையும். மொட்டுகள் பூக்காமலே வாடுவதற்கும் அடி இலைகள் மஞ்சளாவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். உரம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. உதகையில் இருக்கும் உறவினர் சொல்லும் பக்குவம் இங்கே பலிக்காததும் இதனால்தான். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரில் இரவுக் குளிர் இலவசமாகக் கிடைக்கிறது. அங்குள்ள அரசு தாவரவியல் பூங்காவின் மலர்க்காட்சியில் அடுக்கும் தொட்டிகளில் சைக்லமெனும் உண்டு. நமக்கு அந்தக் குளிர் மின்கட்டணத்தோடுதான் வரும்.

அதனால் சைக்லமெனுக்கு உங்கள் வீட்டில் ஏற்ற இடம், இரவில் ஏர்கான் ஓடும் படுக்கையறைதான். வரவேற்பறை மேசை அழகாகத்தான் இருக்கும். விருந்தினர் வரும்போது இரண்டு மணி நேரம் அங்கே வையுங்கள், பிறகு எடுத்துவிடுங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுத் தாழ்வாரம் வேண்டவே வேண்டாம். படுக்கையறையிலும் ஏர்கான் காற்று நேராகப் படும் இடத்தில் வைத்தால் இலை விளிம்புகள் கருகும். குளிர்ந்த காற்று கீழே இறங்கித் தங்கும் என்பதால், ஜன்னலுக்கு அருகில் தாழ்வான முக்காலியில் வைப்பது நல்லது. ஏர்கானை 23, 24 டிகிரியில் வைத்து நீங்கள் உறங்கினால் செடிக்கும் அது போதும். அதற்குப் பிடித்த வெப்பநிலை அது இல்லை. ஆனாலும் சில வாரங்கள் கண்ணியமாகப் பூத்துக்கொண்டிருக்க முடியும். ஒரு தொட்டிச் செடிக்காக இரவும் பகலும் ஏர்கானை ஓடவிடச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. யாரும் அப்படிச் செய்யவும் வேண்டாம். மத்தியதரைக் கடல் பகுதி போன்ற தட்பவெப்பத்துச் செடிகளுக்காகவே ஒரு ஹெக்டேருக்கு மேல் கண்ணாடிக்கூரை போட்டு 2012இல் திறந்த கரையோரப் பூந்தோட்டத்தின் ஃபிளவர் டோமிலேயே 23 முதல் 25 டிகிரி வரைதான் வைத்திருக்கிறார்கள்.

வெளிச்சம் நிறைய வேண்டும், நேர் வெயில் கூடாது. கிழக்கு ஜன்னல் என்றால் மெல்லிய திரைக்குப் பின்னால் வையுங்கள். மேற்கு ஜன்னலின் மாலை வெயில் ஒரே நாளில் இலையை வதக்கிவிடும். நாள் முழுதும் திரை மூடிக் கிடக்கும் அறையானால் சாதாரண வெள்ளை எல்இடி விளக்கு ஒன்றைச் செடிக்கு மேலே ஓரடி உயரத்தில் 10, 12 மணி நேரம் எரியவிடலாம். அதில் சூடு குறைவு.

இனித் தண்ணீர். இதில்தான் நிதானம் வேண்டும்.

சைக்லமெனுக்கு நாள் கணக்கு வைத்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். தொட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் குடித்த தொட்டி கனக்கும், காய்ந்தது லேசாக இருக்கும். இரண்டு மூன்று முறை தூக்கினாலே கைக்குப் பிடிபட்டுவிடும். மேல்மண்ணில் விரல் நுனியை விட்டால் ஈரம் தட்டக் கூடாது. அப்போதுதான் தண்ணீர். கிழங்கின் உச்சியில், இலைக்காம்புகள் கிளம்பும் இடத்தில் ஒருபோதும் ஊற்றக் கூடாது. அங்கே நீர் தங்கினால் இளம் மொட்டுகள் அழுகிப்போகும். ஒரு கிண்ணத்தில் இரண்டு விரற்கடை அளவு தண்ணீர் வைத்து அதில் தொட்டியை இறக்குங்கள். கால் மணி நேரத்தில் மண் அடியிலிருந்து வேண்டியதை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு தூக்கி, நன்றாக வடியவிட்டு, பழைய இடத்தில் வையுங்கள்.

கிண்ணத்துத் தண்ணீரை உடனே கொட்டிவிட வேண்டும். தட்டில் நீர் தேங்கினால் வேர் அழுகுவது ஒரு பக்கம். இங்கே அதைவிடப் பெரிய விஷயம் டெங்கி. ஏடிஸ் கொசுவுக்கு ஒரு பூந்தொட்டித் தட்டு நீரே தாராளம். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வீட்டுச் சோதனையில் முதலில் பார்க்கும் இடங்களில் பூந்தொட்டித் தட்டும் ஒன்று. கொசுப்புழு இருந்தால் அபராதம் உண்டு. ஈரப்பதத்துக்காகக் கூழாங்கல் தட்டில் நீர் நிரப்பி அதன்மேல் தொட்டியை வைக்கச் சொல்லும் யோசனை குளிர்நாட்டுப் புத்தகங்களில் வரும். ஹீட்டர் ஓடும் வறண்ட வீடுகளுக்கு எழுதியது அது. நமக்கு வேண்டாம்.

மண்தொட்டி குளிர்ச்சி தரும் என்று நம்பி வாங்குகிறவர்கள் உண்டு. மதுரையில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பது, வறண்ட காற்று பானையின் ஈரத்தை விரைவாக உறிஞ்சுவதால். ஏற்கெனவே ஈரம் நிரம்பிய சிங்கப்பூர்க் காற்றில் அந்த வேலை பாதிகூட நடக்காது. மண்தொட்டியில் மண் சீக்கிரம் காயும் என்பதே இங்கே கிடைக்கும் நன்மை, அதற்காக வாங்கலாம். தொட்டியில் ஐஸ் கட்டி வைப்பதும் பயனில்லை. சில நிமிடக் குளிர்ச்சிக்காகக் கிழங்கின் தலையை நனைத்துவிடுகிறீர்கள்.

செடி சாய்ந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் மண்ணைத் தொடுங்கள். மண் காய்ந்து, தொட்டி லேசாக இருந்தால் அது தாகம்தான். கிண்ணத்து நீரில் வைத்து, குளிர்ந்த அறையில் விடுங்கள். சில மணி நேரத்தில் காம்புகள் நிமிரத் தொடங்கும். மண் ஈரமாக இருந்தும் செடி சாய்ந்திருந்தால் வேர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். கிழங்கை விரலால் மெல்ல அழுத்துங்கள். உருளைக்கிழங்குபோல் கெட்டியாக இருந்தால் பிழைக்க வழி உண்டு: தண்ணீரை நிறுத்தி, காற்றோட்டமான குளிர்ந்த இடத்தில் மண் காயும்வரை விடுங்கள். கிழங்கு கொழகொழத்து நாற்றம் அடித்தால் பாக்டீரியா அழுகல். வெக்கையும் ஈரமும் சேர்ந்த இடத்தில் இது மின்னல் வேகத்தில் பரவும், மருந்தில்லை. தொட்டி மண்ணோடு பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். கிழங்கு கெட்டியாக இருந்தும் இலைகள் ஒரு பக்கமாக மஞ்சளாகிக்கொண்டே போனால், ஒரு கீறு வெட்டிப் பாருங்கள். உள்ளே செம்பழுப்புப் புள்ளிகளோ கோடுகளோ தெரிந்தால் அது ஃபியூசேரியம் பூஞ்சை. அந்தச் செடியையும் காப்பாற்ற முடியாது. அதன் மண்ணை வேறு தொட்டிக்குப் பயன்படுத்தவும் கூடாது.

ஏர்கான் அறையில் வேறொரு தொல்லை வரலாம். உதிர்ந்த பூவிலும் இலைக்காம்பிலும் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் படியும். காற்றோட்டம் இல்லாமல் இலைகள் நெருக்கமாக இருப்பதால் வருவது. வாடிய பூவையும் இலையையும் கத்தரிக்கோலால் வெட்டினால் எஞ்சும் குச்சி அழுகிக் கிழங்குக்குள் நோயை இறக்கும். காம்பின் அடியைப் பிடித்து, லேசாக முறுக்கி, வெடுக்கென்று இழுங்கள். கிழங்கோடு ஒட்டிய இடத்திலிருந்து சுத்தமாகக் கழன்று வந்துவிடும். பூ வாடியவுடன் இதைச் செய்தால் செடி விதை பிடிக்கச் சத்தை வீணாக்காது, அடுத்த மொட்டு எழும்பும்.

தமிழ் வீடுகளுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. செடியைப் பூஜை மாடத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பழுக்கும் வாழைப்பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும். ஊரில் வாழைத்தாரைப் புகைமூட்டம் போட்டுப் பழுக்கவைப்பார்கள் அல்லவா, அந்தப் புகையில் வேலை செய்வதும் இதே எத்திலீன்தான். காயைக் கனியாக்கும் அந்த வாயு பூவைச் சீக்கிரம் வாடவைக்கும், மொட்டை மஞ்சளாக்கும். பழத்தட்டு, ஊதுபத்தி, சாம்பிராணி மூன்றும் ஒரே மூலையில் இருக்கும் வீட்டில் சைக்லமென் அந்த மூலைக்கு எட்டத்திலேயே இருக்கட்டும். குளிர்ச்சிக்காக இரவில் குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்: உள்ளே பழங்கள் இருக்கும், வெளிச்சமும் இருக்காது.

பூனையும் நாயும் வளர்க்கிறவர்கள் கவனிக்க வேண்டும். சைக்லமெனில், முக்கியமாகக் கிழங்கில், சபோனின் என்ற நச்சுப்பொருள் உண்டு. கிழங்கைக் கடித்த விலங்குக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அதிகம் தின்றால் உயிருக்கே ஆபத்து. தவழும் குழந்தை இருக்கும் வீட்டிலும் எட்டாத உயரத்தில் வையுங்கள், முக்காலி வேண்டாம்.

வாங்கும்போது சில நிமிடங்கள் செலவழித்தால் பிறகு பல வாரங்கள் நிம்மதி. கடையில் வெளியே வெக்கையில் நிற்கும் செடி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். அதற்குள் பாதிச் சேமிப்பு போயிருக்கும். பூக்கள் எல்லாம் விரிந்து நிற்கும் தொட்டியைவிட, இரண்டு மூன்று பூவும் இலைகளுக்கு அடியில் நிறைய மொட்டும் உள்ளதே நல்லது. இலைகளை விலக்கி நடுவில் எட்டிப் பாருங்கள்: சாம்பல் பூஞ்சணம் இல்லாமல், கிழங்கு கெட்டியாக, பாதி வெளியே தெரியும்படி இருக்க வேண்டும். பெரிய பூ வகைகளைவிடச் சிறுபூ வகைகள் வெப்பத்தைச் சற்று அதிகம் பொறுக்கும். பிரான்ஸின் மொரேல் நிறுவனம் உருவாக்கிய 'மேட்டிஸ்' வரிசை அப்படிப்பட்டது. கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். பெயர் தெரியாவிட்டாலும் உள்ளங்கை அளவுத் தொட்டியில் சின்னப் பூவோடு இருப்பதை எடுங்கள். வீட்டுக்குப் போகும் வழியில் வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். கிராஞ்சிப் பக்கம் வாங்கி லிட்டில் இந்தியாவுக்குப் போவதானால், கிராஞ்சியில் ரயில் ஏறி நியூட்டனில் மாறினால் அடுத்த நிலையமே அது; காரைவிட ரயில் பெட்டியின் குளிர் செடிக்கு நல்லது. வீட்டுக்கு வந்ததும் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிடுங்கள்.

உடனே தொட்டி மாற்ற வேண்டாம். பூக்கும் காலத்தில் வேரைக் கலைக்கக் கூடாது. உரமும் அதிகம் தேவையில்லை: தழைச்சத்து குறைந்து சாம்பல்சத்து கூடிய திரவ உரத்தைப் பாதி அளவுக்குக் கரைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் போதும்.

இப்படிப் பார்த்துக்கொண்டால் ஏர்கான் படுக்கையறையில் ஒரு மாதம், ஒன்றரை மாதம் பூக்கும். பிறகு இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகும். இந்தத் தடவை அது நோய் இல்லை, உறக்கத்துக்குப் போகும் அறிகுறி. இங்கே இரண்டு வழிகள். ஒன்று, நன்றி சொல்லி வழியனுப்புவது. அதில் குற்ற உணர்வு வேண்டாம். ஐரோப்பாவிலேயே பெரும்பாலோர் இதை ஒரு பருவத்துச் செடியாகத்தான் வாங்குகிறார்கள். மற்றொன்று, கிழங்கை உறங்கவைத்து எழுப்பிப் பார்ப்பது.

முயல்பவர்கள் செய்ய வேண்டியது இது. இலை மஞ்சளாகத் தொடங்கியதும் தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்து, இலைகள் முழுதும் காய்ந்ததும் நிறுத்திவிடுங்கள். தொட்டியை மழைச்சாரல் படாத, நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் இரண்டு மூன்று மாதம் வையுங்கள். இப்போது வெப்பம் பிரச்சினையே இல்லை, ஈரம் மட்டும் கூடாது. அதன் சொந்த ஊர்க் கோடையை நாம் கையால் உண்டாக்குகிறோம், அவ்வளவுதான். கிழங்கு சுருங்கிப் போவதுபோல் தெரிந்தால் தொட்டியின் ஓரத்தில் இரண்டு கரண்டி நீர் விடலாம், அதற்கு மேல் வேண்டாம். பிறகு புது மண்: தேங்காய் நார்த்தூளும் பெர்லைட்டும் சம அளவு, கொஞ்சம் மக்கிய இலையுரம். கிழங்கின் மேல்பாதி வெளியே இருக்கும்படி நட்டு, ஏர்கான் அறைக்குக் கொண்டுவந்து, அடியிலிருந்து சிறிது நீர் காட்டுங்கள். இரவுக் குளிர்ச்சி இல்லாமல் அது கண் விழிக்காது. இந்த ஊரில் இலை வருவதே வெற்றி. பூ வருவது அரிது. அதை முன்பே தெரிந்துகொண்டு முயல்வது நல்லது.

பூ இல்லாத உறக்கக் கிழங்கை வெளிநாட்டுக் கடையில் மலிவாகப் பார்த்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். காட்டுக் கிழங்குகளைத் தோண்டி விற்பது பெருகியதால் சைக்லமென் இனங்கள் முழுதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. பண்ணையில் வளர்த்த கடைவகைச் செடிகளுக்கு விலக்கு உண்டு. அதே வகையின் உறங்கும் கிழங்குக்கு விலக்கு இல்லை. உரிய ஆவணம் இல்லாவிட்டால் எல்லையில் பறிமுதல்.

இந்தப் பாடெல்லாம் நமக்கு ஒத்துவராது, ஆனால் அந்த இலையழகும் பூவழகும் வேண்டும் என்பவர்களுக்கு இந்த மண்ணிலேயே வழி உண்டு. வரியோடிய இதய இலைக்குக் கலேடியம் வாங்குங்கள். அதுவும் கிழங்குச் செடிதான், அதுவும் உறங்கி எழும், ஆனால் இந்த வெக்கையைக் கேட்டு வாங்கி வளரும். பூவுக்குச் சயாம் துலிப் என்று விற்கும், மஞ்சள்கிழங்கின் இனத்துச் செடி. பண்டிகைக் காலச் சிவப்புக்கு, சீனப் புத்தாண்டுக் கடைகளில் கொத்துக் கொத்தாகச் செம்மணிகளோடு நிற்கும் ஆர்டிசியா. மணிகள் பல மாதம் உதிராது. இந்த ஆர்டிசியாவும், சதுப்புநிலக் காடுகளில் சேற்றுக்குள் காலூன்றி நிற்கும் கச்சாங்-கச்சாங் என்ற கண்டல் மரமும், சைக்லமெனும் தாவரவியலில் இன்று ஒரே குடும்பம். ஒரே குடும்பத்தில் ஒன்றுக்கு உப்புச்சேறு பிடித்திருக்கிறது, இன்னொன்றுக்கு லெபனான் பாறை.

சைக்லமென்தான் வேண்டும் என்றால், டிசம்பர் இறுதியிலோ ஜனவரியிலோ, சிறுபூ வகையில், மொட்டு நிறைந்ததாக ஒரே ஒரு தொட்டி வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள். பிறருக்கு அன்பளிப்பாகக் கொடுப்பதாக இருந்தால், அவர்கள் வீட்டில் இரவில் ஏர்கான் ஓடுமா என்று யோசித்துவிட்டுக் கொடுங்கள். ஓடாத வீட்டுக்குக் கிராஞ்சிப் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து ஓர் ஆர்க்கிட் வாங்கிப் போங்கள்.